இறந்தவர் மேல் ஏற்றிய வினைச்சொல்

மாவட்டச் செய்தி எழுதும் நிருபர்களுக்கும், அதைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றும் உதவி ஆசிரியர்களுக்கும்,



ஆங்கிலத்தில் ‘கமிட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. உங்கள் சினிமா நிருபர் அதை நாள் தவறாமல் எழுதுகிறார்: இன்ன நடிகை இன்ன படத்தில் கமிட் ஆகியிருக்கிறார். காதலிப்பவர்களைக் கேட்டால் ‘நான் ஏற்கெனவே கமிட்டட்’ என்கிறார்கள். நீதிமன்றத்தில் அதே சொல்லுக்கு வேறு வேலை. கொலை, கொள்ளை, மோசடி, பொய்ச்சாட்சி என்று எந்தக் குற்றத்தைச் சொன்னாலும் ஆங்கிலம் இந்த வினையைத்தான் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அந்த வேலையைப் பற்றித்தான் இந்த மடல். அதிலும் ஒரே ஓர் இடத்தைப் பற்றி. ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால் அந்தச் சாவுக்கும் ஆங்கிலம் நூற்றாண்டுக்கணக்காக இதே வினையைப் போட்டு வந்திருக்கிறது. ‘கமிட்டட் சூசைட்.’ கொலை செய்தவனுக்குப் போடும் வினையைச் செத்துப்போனவருக்கும் போடுவது. அது நம் ஊர்ச் சட்டத்துக்குள் வந்து, சட்டத்திலிருந்து காவல் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. சட்டம் இன்று அதைப் பெருமளவு கைவிட்டுவிட்டது. செய்தி இன்னும் விடவில்லை.

நீதிமன்றக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். காவல் நிலையத்தில் தமிழில் எழுதிய புகாரும் வாக்குமூலமும் முதல் தகவல் அறிக்கையும் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலத்தில் போக வேண்டும். மூலத்தில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும், அதுதான் எங்கள் தொழிலின் நேர்மை. எனக்கு அதில் விருப்பத்துக்கு இடமில்லை. உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் நீதிபதிகளுக்கோ காவல்துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் இந்த வினையின் பழக்கவழக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். லத்தீனில் அதன் பொருள் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது, ஒருவர் கையில் ஒப்படைப்பது. கைதியைச் சிறையில் ஒப்படைப்பதும், பாடத்தை நினைவில் ஏற்றுவதும், தன்னை ஒரு வேலைக்கு ஒப்புக்கொடுப்பதும் அந்த வேரிலிருந்து வந்தவை. தவறு செய்வதற்கும் லத்தீனிலேயே இதை வழங்கினார்கள். இதன் கூடவே சொல்லப்படும் இன்னொரு வினை ‘பெர்பெட்ரேட்’. அதற்கு லத்தீனில் ‘செய்து முடித்தல்’ என்ற பொருள்தான், நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. ஆங்கிலச் சட்ட வாசகங்களில் குற்றங்களோடே புழங்கிப் புழங்கி, கெட்டதற்கு மட்டுமே ஆன வினையாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. ‘பெர்பெட்ரேட்’ என்று எழுதினால் பாதிக்கப்பட்ட இன்னொருவர் பெரும்பாலும் எதிரே நிற்பார்: படுகொலை, கொடுமை, ஏமாற்று. அநீதி இழைத்தான், கொடுமை இழைத்தான் என்று தமிழில் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அது. ‘கமிட்’டுக்கு எதிரே ஆள் வேண்டியதில்லை. பாவத்துக்கும் அது வரும், கூடாவொழுக்கத்துக்கும் வரும், வெறும் பிழைக்கும்கூட வரும். இழைத்தவரும் இழைக்கப்பட்டவரும் ஒரே ஆளாக இருக்கும் ஒரு சாவை, எதிரே ஆள் கேட்காத இந்த வினையோடு சேர்ப்பது ஆங்கிலத்துக்கு எளிதாக இருந்தது.

வெறும் இலக்கண வசதி மட்டும் இல்லை அது. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் தன்னுயிரை மாய்ப்பது உண்மையாகவே குற்றம். பதினெட்டாம் நூற்றாண்டின் சட்ட ஆசான் பிளாக்ஸ்டன் அதை இரட்டைக் குற்றம் என்று எழுதினார்: அழைக்காமலே கடவுள் முன் போய் நிற்பது ஒன்று, தன் குடிமகனை அரசரிடமிருந்து பறிப்பது இன்னொன்று. தண்டிக்க ஆள் உயிரோடு இல்லையே. அதனால் உடலையும் குடும்பத்தையும் தண்டித்தார்கள். உடலை நாற்சந்தியில் இரவில் புதைத்தார்கள். அந்த வழக்கத்தை ஒழிக்க 1823இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இறந்தவரின் சொத்து அரசருக்குப் போகும் என்ற விதி 1870 வரை ஏட்டில் இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு செய்தி வருகிறது. இப்படியான ஒவ்வொரு சாவிலும் பிண விசாரணை அதிகாரி ஊர்க்காரர்களை ஜூரிகளாக உட்கார வைத்துத் தீர்ப்புக் கேட்பார். ‘தெரிந்தே செய்தார்’ என்று சொன்னால் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் மிஞ்சாது. ‘புத்தி பேதலித்துச் செய்தார்’ என்று சொன்னால் குற்றமும் இல்லை, சொத்தும் தப்பும். பதினெட்டாம் நூற்றாண்டு போகப் போக, ஜூரிகள் பெரும்பாலும் இரண்டாவதையே சொல்லத் தொடங்கினார்கள். இறந்தவர் தெளிவாக இருந்தவர் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். இருந்தும் சொன்னார்கள். சட்டத்தை எதிர்க்க முடியாத எளிய மனிதர்கள் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது.

நம் காவல் நிலையங்களில் அந்தப் பொய்க்கு வேறு பெயர். ‘தீராத வயிற்று வலி.’

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருப்பீர்கள். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு தகப்பனின் வாக்குமூலத்தைச் சொல்கிறேன்; ஊரும் பேரும் வேண்டாம். கோடு போட்ட தாளில் எழுத்தரின் சாய்ந்த கையெழுத்து. மேற்படி முகவரியில் குடியிருந்துகொண்டு கூலி வேலை செய்து வருகிறேன் என்று தொடங்குகிறது. என் மகள் நீண்ட நாட்களாகத் தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார், பல இடங்களில் வைத்தியம் பார்த்தும் குணமாகாததால் வாழ்க்கையில் விரக்தியடைந்து தற்கொலை செய்துகொண்டார், என் மகள் சாவில் எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை, பிரேதத்தை எங்களிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன், படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது. கீழே அவர் கையெழுத்து. எழுத்துக் கூட்டிக் கற்றவர் போடும் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

எந்தத் தகப்பன் தன் மகளை ‘அவதிப்பட்டு வந்தார்’ என்பான்? அவர் வாயிலிருந்து வந்தது என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. ‘எம்புள்ள போயிட்டா சார்.’ அவ்வளவுதான் சொல்லியிருப்பார். மீதியை நிலையத்தில் காலங்காலமாக இருக்கும் வாசகம் நிரப்பிக்கொண்டது. வயிற்று வலி இருந்ததோ இல்லையோ, பிணக்கூறாய்வு முடிந்து உடல் கைக்கு வர வேண்டும், ஊரில் பேச்சு அடங்க வேண்டும், இளையவளுக்கு நாளைக்கு வரன் வர வேண்டும். அதற்கு அந்த வரி தேவைப்படுகிறது. ‘யார் மீதும் சந்தேகம் இல்லை’ என்ற வரி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. நான் அதை ஆங்கிலத்தில் ‘கமிட்டட்’ போட்டு எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். மூலத்துக்கு அதுதான் உண்மையான மொழிபெயர்ப்பு.

இங்கிலாந்துச் சட்டத்தின் எச்சம்தான் 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309ஆம் பிரிவாக வந்தது. இறந்தவரைத் தண்டிக்க முடியாது. முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. அதே 309 என்ற எண்ணோடு அது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போயிற்று. இங்கிலாந்து தன் நாட்டில் 1961இல் இதைக் குற்றமில்லை என்று அறிவித்துவிட்டது. இலங்கை 1998இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020இன் தொடக்கத்தில் போயிற்று, மலேசியாவில் 2023இல். இந்தியாவில் கதை வளைந்து வளைந்து போனது. 1994இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. 1996இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. சட்ட ஆணையம் 1971இலும் 2008இலும் நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. கடைசியில் 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தன் 115ஆம் பிரிவில் வேறு வழியில் வந்தது: உயிரை மாய்க்க முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. அந்தத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு உயிரை மாய்க்க முயல்வது பற்றிய 226ஆம் பிரிவு மட்டும் மிச்சம். ஆட்சியர் அலுவலக வாசலில் நிலத் தகராறுக்காகத் தீக்குளிக்க முயல்பவர் மேல் பாய்வது இப்போது அதுதான். அங்கே அந்தப் பழைய வினை இன்னும் அச்சில் நிற்கிறது. அது எனக்கு உவப்பாக இல்லை. மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வேலை அது.

ஆக, பெரும்பாலான சாவுகளிலும் முயற்சிகளிலும் இன்று குற்றம் இல்லை. ஆனால் அரசு மருத்துவமனை வாசலில் போய் நின்று கேளுங்கள். பிழைத்தவரைக் கொண்டுவரும் உறவினர் முதலில் சொல்வது ‘கை தவறி நடந்துபோச்சு டாக்டர்’ என்பதுதான். ‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்ற பயம் 115ஆம் பிரிவுக்குப் பின்னும் கலையவில்லை. உண்மையைச் சொன்னால்தான் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் வயிற்றைக் கழுவி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பு ஒருமுறை முயன்றவர்களுக்குத்தான் அடுத்த ஆபத்து மிக அதிகம் என்பதை மனநல மருத்துவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு யார் போய் ‘இது குற்றமில்லை’ என்று சொல்வது? சட்டப் புத்தகத்தை அவர்கள் படிப்பதில்லை. உங்களைப் படிக்கிறார்கள்.

தமிழில் பழி வினையில் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ‘செய்துகொண்டார்’ நல்ல வினை. திருமணமும் செய்துகொள்கிறோம், சமாதானமும் செய்துகொள்கிறோம். கொலை பெயர்ச்சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆங்கில நாளேடுகள் ஒரு வினையை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பதுபோல் நாம் இருக்க முடியாது. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு, அதிகாரிகளின் நேர்மேற்கோள் தவிர வேறெங்கும் அந்தப் பழைய வினையைச் சேர்க்க வேண்டாம் என்று 2015இல் சொன்னது. ‘டைட் பை சூசைட்’ என்பது அங்கே இப்போது பரவலாகிவிட்டது. அதைப் பார்த்துச் சில இடங்களில் ‘தற்கொலையால் இறந்தார்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் எனக்குக் காதில் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் சிக்கல் வினையில். அந்த வினையை எடுத்துவிட்டால் தீர்ந்தது. தமிழில் வினையை மாற்றிப் பெயர்ச்சொல்லை அப்படியே வைத்தால் என்ன தீர்ந்தது?

நம் ஜனங்கள் இதற்கு ஏற்கெனவே வழி கண்டிருக்கிறார்கள். ஊரில் யாரும் அந்தப் பெயர்ச்சொல்லைத் தொடுவதில்லை. ‘அப்படிப் பண்ணிக்கிட்டான்யா’ என்கிறார்கள். என்ன பண்ணிக்கொண்டான் என்று சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். தகராறு நடந்த வீட்டில் கிழவி மகனிடம் சொல்லுவாள்: ‘கதவத் தொறந்து பாருடா, ஏதாச்சும் பண்ணிக்கப் போறா.’ தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘அகால மரணமடைந்தார்’ என்று போடுவார்கள். பொய் இல்லை, பழியும் இல்லை. செய்தியில் அந்த அளவுக்கு மூடிச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ‘உயிரை மாய்த்துக்கொண்டார்’ என்பது உங்கள் கைக்கு ஏற்கெனவே பழகிய சொற்றொடர். அது உண்மையை மறைக்கவில்லை; யாரையும் கொலைகாரர் ஆக்கவும் இல்லை. தற்கொலைத் தடுப்பு, தற்கொலைத் தடுப்பு மையம் போன்ற இடங்களில் பழைய சொல்லே இருக்கட்டும். தேடுபவர் கண்ணில் படத் தெளிவு வேண்டிய இடம் அது. ஓர் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் வைப்பதற்கு மட்டும் வேறு சொல் கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இதைப் படிக்கும் செய்தியாளர்களுக்கு ஒரு வார்த்தை. ‘உயிர்மாய்ப்பு’ என்ற நல்ல சொல் உங்களிடம் இருக்கிறது. அதன் முன்னால் ‘தவறான முடிவெடுத்து’ என்று ஏன் ஒவ்வொரு தடவையும் சேர்க்கிறீர்கள்? மென்மையாகச் சொல்வதற்காக என்று புரிகிறது. ஆனால் அந்த இரண்டு சொற்களும் செய்தி இல்லை, தீர்ப்பு. சென்னைப் பத்திரிகைகளின் ‘விபரீத முடிவு’ம் அதே கதைதான். தொடர்ந்த வலியிலும் இருட்டிலும் இருந்த ஒருவர் நாலு வழிகளை மேசையில் பரப்பி வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதுபோல் ‘முடிவெடுத்தார்’ என்கிறோம். பிழைத்து வந்தவர்களில் பலர், அந்த நேரத்தில் வேறெதுவுமே கண்ணில் படவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

தலைப்பில் நீங்கள் போடும் முக்காற்புள்ளியைப் பற்றியும் பேச வேண்டும். ‘பிளஸ் 2 தேர்வில் தோல்வி: மாணவி தற்கொலை.’ ‘கடன் தொல்லை: நெசவாளி தற்கொலை.’ அந்த இரண்டு புள்ளிக்குள் ஒரு முழு வழக்கும் நடந்து தீர்ப்பும் வந்துவிடுகிறது. தேர்வில் தோற்ற பல்லாயிரம் பிள்ளைகள் அதே காலையில் அந்தத் தலைப்பைப் படிக்கிறார்கள். தோல்வி, புள்ளி, சாவு. இதுதான் வரிசை என்று அவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம். அந்தச் செய்தியில் துணைத்தேர்வு எப்போது, எங்கே விண்ணப்பிப்பது என்று ஒரு வரி இருந்தால் வரிசை மாறும். தோற்றவர்கள் அதே ஆண்டில் எழுதித் தேறிக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதற்காகவே தமிழ்நாட்டில் கொண்டுவந்த ஏற்பாடு அது.

இதைவிட என்னை வதைப்பது இன்னொரு வகைத் தலைப்பு. ‘செல்போன் பார்த்ததைத் தாய் கண்டித்ததால் சிறுவன் விபரீத முடிவு.’ இங்கே குற்றத்தின் வினை யார் மேல் விழுகிறது என்று கவனியுங்கள். கண்டித்தார் என்ற வினையும் இறந்தான் என்ற வினையும் ‘ஆல்’ என்ற ஒரே அசையில் கட்டப்பட்டுவிட்டன. அந்தத் தாய் செய்தது நாட்டில் எல்லாத் தாய்களும் எல்லா நாளும் செய்வது. பிள்ளையின் மனதில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, நிலைய எழுத்தருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படிப்பார். அவளும் படிப்பாள். வாழ்நாள் முழுக்க அவள் அந்த வரியோடு இருக்க வேண்டும். காவல்துறைக் குறிப்பில் அப்படி வந்தது என்று சொல்வீர்கள். வந்திருக்கலாம், கசங்கிப்போன ஒரு குடும்பத்திடம் அவசரத்தில் வாங்கிய முதல் வாக்குமூலம் அது. அதை அப்படியே தலைப்பாக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

எதிர்த்திசையில் ஒரு தவறும் நடக்கிறது. பழிக்கக் கூடாது என்றால் போற்றலாமா? தலைவர் இறந்தார், தலைவர் கைதானார், கொள்கைக்கு ஆபத்து என்று யாராவது தீக்குளித்தால் ‘இன்னுயிரை ஈந்தார்’, ‘தியாகம் செய்தார்’ என்று எழுதுகிறோம். வடக்கிருந்து உயிர் விட்டவர்களைப் பாடிய மொழி நம்முடையது, அந்தப் பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அப்படிப் போனவர் வீட்டிலும் அரிசி வாங்கப் பணம் இல்லாத ஒரு மனைவி இருக்கிறாள். புகழும் ஒரு வகைத் தூண்டுதல். அங்கேயும் ‘உயிரை மாய்த்துக்கொண்டார்’தான் சரி.

‘வார்த்தையை மாற்றினால் சாவு நின்றுவிடுமா?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இலங்கையில் 1995இல் லட்சம் பேருக்கு 47 பேர் இப்படி இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்ததற்குப் பெரிய காரணம், கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. சொல்லை மாற்றியதால் வந்த பலன் இல்லை அது. பிரிட்டனில், இப்படியான சாவினால் பாதிக்கப்பட்டவர்களிடமே எந்தச் சொல் ஏற்கத்தக்கது என்று கேட்டபோது, ‘கமிட்’ பற்றிக் கருத்து ஒன்றாக இல்லை; சிலருக்கு அது ஆறாத புண், சிலருக்கு அது வெறும் வழக்குச் சொல். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் செய்தி எழுதும் விதம் சாவுகளின் எண்ணிக்கையையே மாற்றும் என்பதற்குச் சான்று உண்டு. 1980களில் வியன்னா நகரத்துப் பாதாள ரயிலில் இப்படியான சாவுகள் கூடிக்கொண்டே போயின, பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. 1987இல் பத்திரிகைகளுக்கு வழிகாட்டு நெறி ஒன்றைத் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்று கொடுத்தது. படமும் விவரிப்பும் முதற்பக்கமும் போயின. அந்த ரயில்பாதையில் சாவுகள் வெகுவாகக் குறைந்தன, குறைந்த நிலையிலேயே இருந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களுக்கு அடிப்படையான அனுபவங்களில் அது ஒன்று. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் அவற்றைத் தழுவி 2019இல் நெறிகளை ஏற்றது: எப்படி நடந்தது என்று விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, படம் போடாதே, தலைப்பில் பரபரப்பு வேண்டாம், உதவி எண்ணைச் சேர். உங்கள் அலுவலகத்தில் எங்கோ அந்தச் சுற்றறிக்கை இருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் இப்படி இறந்தவர்கள் 1,70,924 பேர்; தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்து. இந்தக் கணக்கை வெளியிடும் அமைப்பின் பெயரைப் பாருங்கள்: குற்ற ஆவணக் காப்பகம். சுகாதாரத் துறை எண்ண வேண்டிய சாவுகள் இவை.

குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தச் சாவுகளில் சிலவற்றின் பின்னால் நிஜமான குற்றம் இருக்கிறது, அது இறந்தவருடையது அல்ல. வட்டிக்காரன் வீட்டு வாசலில் நின்று பெண்களைப் பேசிய பேச்சு, வரதட்சணைக்காக மாதக்கணக்கில் நடந்த வதை, சாதி சொல்லி வகுப்பில் அவமானப்படுத்தியது, படத்தை வைத்து மிரட்டியது. தற்கொலைக்குத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவில் பத்தாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்க வேண்டும். ‘கமிட்’, ‘பெர்பெட்ரேட்’ என்ற இரண்டு வினைகளும் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். இங்கேதான் இழைத்தவர் ஒருவர் இருக்கிறார், இழைக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் ‘தீராத வயிற்று வலி’ என்று முதல் நாள் எழுதிவிட்டால், இந்தக் கதவு அன்றே சாத்திக்கொள்கிறது. இறந்தவள் மேல் ‘செய்துகொண்டார்’ என்று எழுதி முடித்ததும் செய்தவன் எங்கே என்று கேட்க ஆள் இல்லை.

ஆகவே மரணச் செய்தியை நாலு வரியில் முடியுங்கள், பழியில்லாத வினையோடு, முறையைச் சொல்லாமல், காரணத்தைத் தீர்ப்பாக்காமல். அடியில் உதவி எண்களைப் போடுங்கள்: டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் 104, சென்னை ஸ்நேகா 044-24640050, இலங்கையில் 1926. சிறிய எழுத்தில் பக்கத்தின் மூலையில் வேண்டாம், செய்தியின் உடம்பிலேயே இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு அதைத் தேடிப் படிக்கும் ஒருவருக்குக் கண்ணாடி எடுத்துப் போடும் பொறுமை இருக்காது.

மிச்சப்படும் இடத்தை வழக்குக்குக் கொடுங்கள். தூண்டுதல் வழக்குகளில் சாவு அன்று பெரிய செய்தி வருகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது வருவதில்லை, சாட்சிகள் பல்டி அடிக்கும்போது வருவதில்லை, ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வரும்போது பெரும்பாலும் வருவதே இல்லை. அந்தக் காகிதங்களை மொழிபெயர்க்கும் நான் அவற்றின் முடிவைப் பத்திரிகையில் தேடிப் பார்க்கிறேன், கிடைப்பதில்லை. மாவட்ட மகளிர் நீதிமன்றத்தில் வழக்குப் பட்டியல் தினமும் காலையில் கதவருகே ஒட்டப்படுகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது உங்களில் ஒருவர் அங்கே வந்து நில்லுங்கள்.

அன்புடன்,
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்